ரேஷன் பருப்பில் வண்டு வைத்தது

அம்மா தவறிய பிறகு சமையல் என் கைக்கு வந்தது. தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். வருசம் திரும்பும் வரை வீட்டில் கவிச்சி வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். வேறு சமைக்கத் தெரியாததால் தினமும் ரசமும் அப்பளமும்தான். பத்தாவது படிக்கிற தங்கச்சி குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கம் நின்ற தங்கச்சி மயங்கிச் சரிந்தாள். யாரோ தாங்கியதால் பாறையில் தலை மோதவில்லை. உடம்பில் சத்தே இல்லை என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டு செல்வி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, கவிச்சிதான வேண்டாம்னு வச்சிருக்க? பயறு என்னல பாவம் பண்ணுச்சு? ரேஷன் பருப்பு டப்பாவுல வண்டு வச்சுக் கெடக்கு."

"எனக்கு வேகவைக்கத் தெரியாதுக்கா."

"மூட்டை தூக்கத் தெரியுதுல்லா? குக்கரத் தூக்கி அடுப்புல வையி."

அவளே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் கொள்ளுத் துவையல் என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன். வருசம் முடிந்ததும் முட்டையும், மலிவாகக் கிடைக்கிற சாளை மீனும் சேர்த்தேன். முதல் மீனை அம்மா படத்துக்கு முன்னால் வைக்கிறேன். கும்பிட்டதும் அதையும் எடுத்துத் தங்கச்சி தட்டில் போட்டுவிடுகிறேன்.