ஜீப்புக்குள் கடல்

நாற்பது வருஷமாக போட் எஞ்சின் பார்த்த கை, தொம்மையின் காலை வாரிவிட்டது. உடன்குடி வாத்தியார் ஜேசுபாதத்தின் பழைய ஜீப்புக்கு வேறு டீசல் எஞ்சின் மாற்றும்போது, அதை ஓட்டிப் பார்க்க, சூடேறாமலிருக்க போட்டுக்குச் செய்வதுபோலவே கடல்தண்ணீரை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினார். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச மறந்துபோனார்.

ஆறாவது மாதம் ஜீப் கொதித்து நின்றது. கழற்றினால் உள்ளே உப்பும் துருவும். பார்த்ததுமே தொம்மைக்குப் புரிந்துவிட்டது.

வாத்தியார் தலைகுனிந்தார். "எங்க வீட்டு போர்த்தண்ணி உப்பு, அண்ணாச்சி. ரேடியேட்டருக்கு அதத்தான் ஊத்துனேன். நீங்க பாடுபட்டுப் போட்ட எஞ்சின நாசமாக்கிட்டேன். மன்னிச்சிருங்க."

தொம்மைக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இனிமேலாவது பாத்து ஊத்துங்க, சார்" என்றார்.