நொச்சி மணத்த கூடுகள்

ஒட்டிய உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது எந்த எலிக்கூட்டுக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்ற பட்டியல். மூட்டுவாதத்துக்கு ஒரு மருந்து. ஆண்டுக்கணக்காய் நான் நம்பியிருந்தது. எலிகளின் பின்னங்கால்களை ஊசியால் வீங்க வைத்தவளும் நான்தான். மூன்று கிழமை நாள்தோறும் பாதத்தின் தடிப்பை அளந்தேன். கூட்டிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே வீக்கம். என் மருந்தும் உப்புநீரும் ஒன்று!

மறுநாள் இருப்புக் கொள்ளாமல் விடியவே எலியறைக்குப் போனேன். உமி மணத்தை மீறி நொச்சி மணத்தது. கூடு துப்புரவாக்கும் கிரான் அக்கா சில கூடுகளில் வாடிய இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

"இதென்னக்கா?"

"நொச்சி, மிஸ். நீங்க வரமுந்தி எடுத்திருவன். கால் ஊண்ட ஏலாததுகளுக்கு மட்டுந்தான் போட்டன். என்ட முழங்காலுக்கும் இதானே கட்டுறன்."

"நொண்டினதுக்கு மட்டுமா?"

"ஓடித்திரியிறதுக்கு என்னத்துக்கு?"

நொண்டியவை அநேகமாய் உப்புநீர்க் கூடுகள். அவற்றின் வீக்கத்தைக் குறைத்தது இலையின் சாறோ, இலை மெத்தையோ, யாருக்குத் தெரியும்? மூன்று கிழமை உழைப்பு பாழ்.

"கோவமா மிஸ்?"

"கோவந்தான்."

"சாப்பாட்டையும் கூட்டுக் கூரையில தொங்க விட்டிரிக்கிங்க. நோகிற காலோட எட்டிப் பிடிக்கட்டுமெண்டா?"

அந்தக் கால்களைத் தினமும் அளந்தவள் நான். அது என் கண்ணில் படவில்லை.

புதிய எலிகளோடு மறுபடி தொடங்கினோம். இம்முறை எல்லாக் கூட்டுக்கும் தீனி தரையில், உமி இரட்டிப்புத் தடிப்பில். நொச்சி அக்காவின் முழங்காலுக்கு மட்டும்.

உறை திறக்கும் நாளில் அக்கா என்னை முந்திக்கொண்டார். "மருந்து குடிச்சது இது, இது, அந்த மூலைக்கூடு. கிளறுற சத்தத்திலயே தெரியுது." சொல்லச் சொல்லப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றை மட்டும் தவறாகச் சொன்னார். என் அளவுகளும் அதையே சொல்லின. மருந்து வேலை செய்கிறது! சிறுபிள்ளைபோல் அறையை இரண்டு முறை சுற்றி வந்தேன்.

"அப்ப மத்ததுகளுக்கும் மருந்து குடுப்பிங்களா?"

ஆய்வு முடிந்ததும் எல்லாவற்றையும் நோகாமல் ஒரேயடியாய் உறங்க வைத்துவிடுவோம், மருந்து குடித்தவற்றையும் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அக்கா மூலைக்கூட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு தும்புத்தடியை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினார்.

"மனிசருக்கு இது எப்ப வரும், மிஸ்?"

"கன வருசம் செல்லும்."

"காரியமில்ல. அதுவரைக்கும் நொச்சி இரிக்கு."