மூடி வேணுமா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு குட்டிக் கார் நிற்கிறது. நீல நிறம். பக்கவாட்டில் வெள்ளைத் தீ நாக்குகள். முன்பக்கம் பானெட் இல்லாமல் என்ஜின் முழுவதும் வெளியே தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. "முன்னாடி மூடி எங்க, தொலைஞ்சு போச்சோ?" என்று கேட்பார்கள். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, சரியாக அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். பதில் சொல்வது என் பொறுப்பு. "அது அப்படித்தான்" என்று சொல்லிக் காபியை நீட்டுவேன்.

அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். வருடத்தில் முக்கால்வாசி கடல், மிச்சம் வீடு. வரும்போது எங்கள் தெருவின் மற்றக் கப்பல்காரர்கள் கொண்டுவருவதைத்தான் அவரும் கொண்டுவருவார்: சோப்பு, சென்ட், தைலம், சாக்லேட். எனக்குப் பத்து வயதான வருடம், சோப்புகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. மேலே ஒரு பழைய காலத்துக் காரின் படம். ஆவலோடு திறந்தால் உள்ளே காரைக் காணோம். பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு துண்டான சாமான்கள்தான் இருந்தன. அம்மா பெட்டியை ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் கொண்டாந்து, நொறுக்கியா குடுக்கீங்க?"

"நொறுங்கலளா. நாமளே ஒட்டிச் செய்யணும்."

"பொம்பளப் பிள்ளைக்குக் காரா?"

"இதுல என்ஜினைப் பாரு. எட்டு சிலிண்டர்" என்றார் அப்பா. அம்மாவின் கேள்விக்கு அதுதான் பதில் என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

பெட்டியின் பக்கவாட்டில் மூன்று சின்னப் படங்கள் இருந்தன. அதே காரை மூன்று விதமாகச் செய்யலாமாம். முதல் படத்தில் மட்கார்டு, பானெட் எல்லாம் போட்டு ஒழுங்காகக் கோயிலுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது பந்தயக் கார். மூன்றாவதில் மட்கார்டும் இல்லை, பானெட்டும் இல்லை. என்ஜின் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் ஹாட் ராட் என்று போட்டிருந்தது.

அது என்னவென்று பார்க்க, அம்மாவின் தம்பியான என் மாமா என்னை பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போனார். கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற வேலை அவருக்கு. ஊரில் அவர் ஒட்ட முடியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். திரையில் படம் படமாக வந்தது. அமெரிக்காவில் பழைய கார்களை வாங்கி, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய என்ஜினைத் திணித்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி ஓட்டுவார்களாம். அதைப் பார்த்ததும் என் மனசு அதிலேயே போய்விட்டது. அழகாக இருந்தது என்பதைவிட, அந்தக் கார் யாருக்கும் பயப்படாதது போல் இருந்தது. ஒரு படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்றாவது விதம்தான் செய்யப்போகிறேன் என்று அறிவித்தேன்.

அப்பா பிளாஸ்டிக் சட்டத்திலிருந்த பானெட்டைக் காட்டினார்.

"அப்ப இது?"

"அது வேண்டாம்."

"வேண்டாம்னா? பெட்டியில வந்த சாமான்லா?"

ஒரு ஃபிட்டருக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை. பம்பைப் பிரித்துப் பூட்டி முடித்தபின் தரையில் ஒரே ஒரு வாஷர் மிஞ்சிக் கிடந்தாலும், மொத்தத்தையும் மறுபடி பிரிக்கிற ஆள் அவர். "கையில சாமான் மிஞ்சுச்சுன்னா வேலை முடியலைன்னு அர்த்தம்" என்பார். என்னுடைய கார் முடிந்தாலோ ஒரு பானெட், நான்கு மட்கார்டு, வேறு சக்கரங்கள் எல்லாம் மிஞ்சும். அவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு காரணமும் அவரிடம் இருந்தது. "நம்மூரு உப்புக் காத்துக்கு சைக்கிள் செயினே நிக்க மாட்டேங்கு. என்ஜினை இப்படித் தொறந்து போட்டா இத்துப் போயிரும்ளா."

"இது பிளாஸ்டிக்குப்பா."

"பிளாஸ்டிக்னாலும் என்ஜின் என்ஜின்தான்."

என்ஜினைச் செய்கிறவரை எங்களுக்குள் சண்டை இல்லை. அம்மாவின் நகவெட்டியால் ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுப்பேன். அப்பா உப்புத்தாளால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்தக் குழாயை இந்தப் பக்கம் எவன் வைப்பான் என்று கார் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே கொடுப்பார். வெள்ளிப் பூச்சுப் பூசிய குழாய்களோடு என்ஜின் என் உள்ளங்கையில் உட்கார்ந்தபோது அப்பா என் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு அழகான ஒன்றைச் செய்துவிட்டு அதை மூடி வைக்கச் சொல்கிற மனிதரை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு போர். பானெட்டை ஒட்டாமல் சும்மா மேலே வைக்கவும் முடியும். காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது காரில் இல்லாத மூடி, மாலையில் திரும்பி வரும்போது இருக்கும். எடுத்துப் பெட்டியில் போடுவேன். மறுநாளும் இருக்கும். "ரெண்டும் ஒரே அச்சு. இதுல யாரைச் சொல்ல?" என்று அம்மா அடுக்களையிலிருந்து யாரிடமோ சொல்வது போலச் சொல்லுவாள். எனக்கு உள்ளுக்குள் எரியும். வருடத்தில் மூன்று மாதம் விருந்தாளி போல வருகிறவர், வந்த இடத்தில் என் காருக்கு மட்டும் ஏன் சட்டம் போடுகிறார் என்று கோபம் கோபமாக வரும். அவர் கப்பலேறுவதற்குள் காரை முடித்து, மூடியில்லாமல் அவர் கண்முன்னே நிறுத்திக் காட்ட வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை.

கூரை தனித் துண்டாக இருந்தது. அதை உடம்போடு ஒட்ட வேண்டும். பெட்டியில் பசை வரவில்லை. கடையில் வாங்கிய பசையோ பட்ட இடத்தையெல்லாம் வெளிறிப்போகச் செய்தது. மாமா சிரித்தார். "படகையே ஒட்டுத மருந்து என்கிட்ட கெடக்கு. இந்தப் பொம்மக் காரு எம்மாத்திரம்?" அப்பா கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்த ஒரு காலை, சிரட்டையில் ஃபைபர் ரெசினைக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். குச்சியால் தொட்டுத் தொட்டுக் கூரையைத் தாங்குகிற நான்கு தூண்களில் தடவி, அதைப் பொருத்தி, "இனி கடல்ல போட்டாலும் பிரியாது" என்றார்.

பிரியத்தான் இல்லை. உருகியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூண்கள் குழைந்து, கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. படகை ஒட்டுகிற மருந்து இந்த பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று மாமாவுக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு யாரோ கூப்பிட்டது போல வெளியே போனவர் போனவர்தான். நான் வாய்விட்டு அழுதேன்.

அப்பா வந்து பார்த்தார். கையில் கப்பலேறும் காகிதங்கள். இன்னும் நான்கு நாளில் கிளம்ப வேண்டும்.

"தூரப் போடுளா. அடுத்தால வரும்போது வேற வாங்கிட்டு வாரேன்."

"வேற வேண்டாம். இதுதான் வேணும்."

"இதுல இனி என்ன இருக்கு?"

நான் புத்தகப் பையிலிருந்து அந்த பிரிண்ட் படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கூரை தாழ்ந்த கார். "உருகினதை அறுத்து எடுத்துட்டா தூண் பாதிதான் இருக்கும். கூரை கீழ வந்து உக்காரும். இவங்க வேணும்னே அப்படித்தாம்பா அறுக்காங்க."

அப்பா படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அந்தக் காரிலும் பானெட் இல்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஹேக்ஸா பிளேடை எடுத்து வந்தார்.

இரண்டு நாள் அந்த வேலையே நடந்தது. ரெசின் இறுகியபின் அவர் அறுத்தார், நான் தேய்த்தேன். ஒரு தூண் மயிரிழை அதிகமாகப் போனால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக்க வேண்டும். கூரையை வைத்துப் பார்ப்போம், ஆடும், எடுத்து மறுபடி தேய்ப்போம். சாப்பிடக் கூப்பிட்டு அம்மாவுக்குத் தொண்டை வற்றியது. கடைசியில் ஆடாமல் உட்கார்ந்தது. கடைப் பசையையே ஊசி முனையில் தொட்டு ஒட்டினோம். வெளிறிய இடத்தைப் பெயின்ட் மறைத்துக்கொள்ளும் என்றார். கூரை தாழ்ந்ததும் காரே வேறாகிவிட்டது. எதையோ முறைத்துப் பார்ப்பது போல் இருந்தது.

அறுத்து விழுந்த துண்டுகளைக் கூட்டி அப்பா முன்னால் வைத்தேன்.

"இப்ப இதுவும் மிச்சம்தானப்பா?"

சிரிப்பை அடக்குவதற்கு அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "கூரை வேற, மூடி வேற" என்றார்.

மாமா பரிகாரமாகப் படகுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட் கொண்டுவந்தார். நீலமும் வெள்ளையும்தான் இருந்தன. அதனால் கார் நீலம், தீ வெள்ளை. எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அலை நல்லா இருக்கு என்றார்கள். தீ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அப்பா கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் கார் முடிந்தது. மேசை மேல் வைத்தேன். அப்பா குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து பானெட்டை எடுத்து ஒருமுறை மேலே வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. நான் எடுத்துக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். "சரி" என்றார். எனக்குப் பெரிய சந்தோஷம். ஜெயித்துவிட்டேன்.

அவர் போன மறுநாள் மிச்சச் சாமான்களை அடுக்கி வைக்கப் பெட்டியைத் திறந்தேன். மட்கார்டுகள் இருந்தன, சக்கரங்கள் இருந்தன. பானெட்டைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குப்பையில் எல்லாம் தேடினேன். அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "உங்க அப்பாதான் சட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டு போனாரு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் தூக்கிப் போய்விட்டார் என்றே முடிவு செய்தேன். நான் அதை ஒருநாளும் மாட்டப்போவதில்லை. ஆனாலும் அது என் காரின் மூடி. அவர் எப்படி எடுக்கலாம்?

"வச்சா வேண்டாம்ங்கா, கொண்டு போனா ஏன் கொண்டு போனாருன்னு கேக்கா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் போன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வந்தது. அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார். இரைச்சலுக்கு நடுவே அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏளா, மூடி வேணுமா?"

"வேண்டாம்" என்றேன் விறைப்பாக.

"சரி, அப்ப இங்கனயே கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அதே கேள்விதான். பரீட்சை எப்படி, மழை பெய்ததா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் மூடி வேணுமா. நானும் விடாமல் வேண்டாம் என்பேன். ஏழு கடல் தாண்டிப் போன் போட்டு இதையா பேசுவது என்று அம்மா சலித்துக்கொள்வாள். லீவில் வருவார், போவார். மூடி மட்டும் அவரோடு வராது, கப்பலிலேயே பத்திரமாக இருக்கிறது என்பார்.

இரண்டு மூன்று வருடங்களில் அப்பா சொன்னதே நடந்தது. உப்புக் காற்று என் என்ஜினின் வெள்ளிப் பூச்சைத் தின்ன ஆரம்பித்தது. குழாய்களில் புள்ளி புள்ளியாக மங்கல். துடைத்தால் இன்னும் போனது. என் வீம்பைவிட என் என்ஜின் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த முறை அவர் கேட்டபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா. வரும்போது கொண்டு வாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன். மூடியைக் கொண்டு வாரீங்களா?"

"அது... உனக்கு எதுக்குளா இப்ப? மூடியில்லாமத்தான் அது நல்லா இருக்கு" என்றார். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

தொலைத்துவிட்டு மழுப்புகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். "தொலைக்கலளா. கப்பல்ல அவரு தலமாட்டுலயே வச்சிருக்காராம்" என்றாள் அம்மா. இத்தனை வருடம் என்னோடு மல்லுக்கு நின்றுவிட்டு, நான் இறங்கி வந்ததும் அவர் ஏறிக்கொண்டார் என்று எனக்கு ஒரே வெறுப்பு.

அடுத்த மாதம் போன் வந்தது. எதுவுமே நடக்காதது போல மறுபடியும் கேட்டார்.

"ஏளா, மூடி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது. கடல் காற்று போனில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.