டாக்டர் சர்டிபிகேட்டுக்கு வைத்த பொட்டு

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு, எமனே எதிரில் வந்தாலும் பதிவு எண்ணைக் கேட்கத்தான் தோன்றும். கவுண்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காத்துக்கிடந்த உங்களுக்கு அது தெரியும்.

நாற்பது கிலோமீட்டரில் மாறும் டாக்டர்

பெருமுக்கல் அஞ்சலையின் வீட்டுக்காரர் ஏழுமலை, வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு எங்கள் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மறுநாள் மதியம் ஆபரேஷன். மகன் கம்பெனியில் போட்டுத் தந்த இன்சூரன்ஸ் இருந்தது. அது கைவிட்டால், மல்லாட்டைக் கடலை போட்ட நிலத்தை அடமானம் வைக்க வேண்டியதுதான்.

கைவிட்டது. எலும்பு டாக்டர் எங்கள் விழுப்புரம் கிளையிலிருந்து புதிதாக வந்தவர். "இந்த முகவரியில் இவர் எங்கள் பட்டியலில் இல்லை, சர்டிபிகேட் அனுப்பிச் சேர்க்கவும்" என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில். விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க பெரியவரே, பஸ் ஏறும்போது படிச்ச படிப்ப விழுப்புரத்துலயே வச்சிட்டு வந்துட்டாராங்க அவரு?"

மறைந்த தேதி

சர்டிபிகேட் நிஜமாகவே விழுப்புரத்துச் சுவரில்தான் தொங்கியது. போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கம்பெனிக்குத் தள்ளிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் திரும்பியது: "புதுப்பித்த தேதி தெரியவில்லை." பெரிதாக்கிப் பார்த்தால், தேதிக்கு நேராகக் கண்ணாடியில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொன்னால், அங்கே வேலை செய்யும் செல்லம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கத்திரிக்கோலுக்கே பொட்டு வச்சிக்கினு, இதுக்கு வுட்டா அவரு கை ஓடுமா? நான் தொடைக்கமாட்டேன். நீ வேணா வந்து தொடச்சிக்க, பாவம் உனுக்கே சேரட்டும்."

பஸ்ஸில் கிடைத்த மரியாதை

நானே போனேன். செல்லம்மா முறைத்த முறைப்பில் எனக்கும் துடைக்கக் கை வரவில்லை. கண்ணாடியைத் தொடாமல், திண்டிவனம் போய்ப் பின்பக்கம் ஆணியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று ஃபிரேமோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சர்டிபிகேட் மூலையில் டாக்டர் போட்டோ, கண்ணாடியில் பொட்டு, பூஜைக்குப் போட்ட காய்ந்த மாலை. பஸ்ஸே எழுந்து இடம் விட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

பக்கத்து சீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசா தெரியுதே, எப்ப தவறிட்டாரு?" என்றார். "தவறலியேம்மா, நாளைக்கு ஆபரேஷன் பண்ணப் போறாரு" என்றேன். அந்த அம்மா எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் குனிந்து காதோரம் கேட்டார்.

"பெரியவரே, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லிடுங்க, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

ஓரமாக

ஆணியைக் கழற்றி, சர்டிபிகேட்டை உருவி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுநாள் பகல் பன்னிரண்டு வரை பதிலில்லை. ஏழுமலை பட்டினியோடு காத்திருந்தார்; அஞ்சலை என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டேகாலுக்கு வந்தது: டாக்டரைச் சேர்த்தாயிற்று, ஆபரேஷனுக்கும் அனுமதி. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வாங்கிய கையோடு, முந்தானை முடிச்சிலிருந்து மலைக்கோயில் குங்குமத்தை எடுத்துவிட்டாள். பதறிப்போய்ப் பேப்பரைப் பிடுங்கினேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஏழுமலை வாக்கரைப் பிடித்து என் கவுண்டர் வரை நடந்து வந்தார். பிடுங்கிய பேப்பரை அன்றுதான் அஞ்சலை சொல்லித் திருப்பிப் பார்த்தேன். நான் பிடுங்குவதற்குள்ளேயே வைத்துவிட்ட பொட்டு, பின்பக்கம்.

"பயப்படாதீங்க பெரியவரே, தேதி மேல வைக்கல, ஓரமாத்தான் வச்சிருக்கேன்."

எலும்பை ஒட்டவைக்க டாக்டருக்கு இரண்டு மணி நேரம் போதும். அவர் டாக்டர்தான் என்று நிரூபிக்கத்தான் ஒரு கிழவன், ஒரு பஸ், பின்பக்கம் நாலு ஆணி எல்லாம் வேண்டியிருக்கிறது.