ஐந்தரை மணிப் பெரட்டு

எங்கள் சனம் ஆளை எடை போடுவது விடியற்காலையில்தான். மலேசியாவில் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் இருட்டோடு எழுந்து, ஐந்தரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை, அவர் உழைப்பாளி. குரல் வராவிட்டால் சோம்பேறி. உலகத்தில் இந்த இரண்டு வகை ஆட்கள்தான் இருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வந்து நீங்கள் மலையைப் புரட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வந்த நோய், தேடிப் பிடித்த மாதிரி, அந்தக் காலை நேரத்தையே பிடித்துக்கொண்டது. முடக்குவாதம். விழிப்பு வரும்போது பத்து விரலும் வீங்கி, மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு நெருப்பாகச் சுடும். ஒன்பது மணி வரைக்கும் ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சாயங்காலம் நான்கு மணிக்கு என்னைப் பார்க்கிறவர்கள், "ஒனக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்க" என்பார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இது போதாதென்று கழுத்தும் முதுகும். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கையுறை சோதிக்கிற மேசைமேல் குனிந்து உட்கார்ந்தவள் நான். முதுகு அங்கே போனது. கழுத்தில் மேலே இருக்கும் இரண்டு எலும்புகள் நகர ஆரம்பித்ததற்கு முடக்குவாதம்தான் காரணம் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இந்த வலிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. அசையாமல் படுத்தால் முதுகுக்கு இதம். ஆனால் விரலும் முட்டியும் இறுகிவிடும். எழுந்து நடமாடினால் விரல் இளகும், முதுகு கத்தும். தலையணைக்குப் பதிலாகத் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குக் கொடுக்கிறேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கைலி எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாயிற்று. படுக்கைக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு பேசினும் இருக்கும். எழுந்ததும் கையை அதில் முக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை மாத்திரை, புதன்கிழமை குமட்டல். இப்படித்தான் என் வாரம் ஓடுகிறது.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், சனம் சுங்கை பட்டாணிக்கும் பெண்டாங்குக்கும் பினாங்குக்கும் சிதறிப்போனது. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லோரும் வந்துவிடுவோம். முதல் நாளே வந்து மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து, விடிவதற்குள் பெண்கள் அன்னதான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அதற்கும் ஒரு பெரட்டு உண்டு. விளையாட்டாக ஆரம்பித்தது. என் கணவரின் அக்காள், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஐந்தரை மணிக்கு மண்டப வாசலில் நின்று மண்டோர் மாதிரியே பெயர் கூப்பிடுவார். "இருக்கேன் மண்டோரே" என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வோம். பல வருடம் நானும் சிரித்திருக்கிறேன்.

நோய் வந்த பிறகு மூன்று திருவிழா அந்தப் பெரட்டுக்கு நான் எழவில்லை. மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு ராத்திரி படுத்தாலே கழுத்தைத் திருப்ப முடியாது. சுவரோரம் மல்லாந்து கிடந்தபடி, என் பெயரை அண்ணி மூன்று தடவை கூப்பிடுவதையும் அப்புறம் "இல்ல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பத்தடி தூரத்தில்தான் கிடந்தேன். மூன்றாவது வருடம் அவர் அதோடு விடவில்லை.

"ஒடம்பு சரியில்லன்னா நாள் முழுக்கச் சரியில்லாம இருக்கணும். காலைல மட்டும் சக்கிட்டாம், நோவாம், பொழுது சாஞ்சா பாசார் மாலாம் சந்தைக்குப் போவாளாம். இது என்ன நோய் லா? மாலாஸ் நோய், சோம்பேறி நோய்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்கூட வளர்ந்தவர்கள், ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள்.

அன்று நான்கு மணிக்கு, சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் ஒதுக்கும் நேரத்தில், அண்ணி ஒரு புது மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எங்க, இதத் தொற பாப்போம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், கையும் அந்த நேரத்துக்கு இளகியிருந்தது, எனக்கும் ரோஷம் இருக்கிறது. பல்லைக் கடித்துத் திருகினேன். டக்கென்று திறந்துகொண்டது. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில், அண்டா கழுவிக்கொண்டிருந்த என் கணவரின் சிரிப்பும் இருந்தது. முப்பது வருடமாகக் கேட்கிற சிரிப்பு, எனக்குத் தெரியாதா?

வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் ஓட்டிய காடியில் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் பாராட்ட வேண்டாம், பாவம் பார்க்க வேண்டாம். நான் சொல்வதை நம்ப வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாமல் அந்தப் பெண்கள் நடுவில் இனி எப்படிப் போய் உட்காருவேன்? அண்ணியைப் பழி வாங்காமல் சாகக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உண்மையாகவே அந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

முதல் தடவை தப்பாகப் பழி வாங்கினேன். வலி முற்றும்போது மட்டும் போடச் சொல்லி டாக்டர் கொடுத்த வீக்க மாத்திரைகளை வலித்தாலும் போடாமல் சேர்த்து வைத்தேன். அடுத்த திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பிருந்து, யாரையும் கேட்காமல், நானாக அளவு வைத்து விழுங்கினேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான்கு மணிக்கே எழுந்தேன். விரல் மடங்கியது! துருவுபலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் கண் விழிப்பதற்குள் நாற்பது தேங்காய் துருவி முடித்தேன்.

அந்த வருடம் அண்ணி மண்டபத்தில் படுக்கவில்லை. மகன் வீட்டில் மெத்தையில் தூங்கிவிட்டு விடியக்காலையில் வருவதாக ஏற்பாடு. வழியில் டயர் பஞ்சர். ஐந்தரை ஆனது. முதல் நாள் அண்ணி மேடைமேல் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன், வாசலில் நின்றேன், பெயர்களைக் கூப்பிட்டேன். கடைசியில் அண்ணியின் பெயர். முதல் தடவை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இருபது நிமிடம் கழித்து அண்ணி வந்தார். என்னைப் பார்த்தார், தேங்காய்ப் பேசினைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? முடியுதுதானே! நா அப்பவே சொன்னேன்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் ஆட்டினார்கள். நான் துருவிய நாற்பது தேங்காயும் அண்ணி பக்கம் சாட்சி சொல்லிவிட்டன.

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் படுத்த படுக்கை. மாத்திரையின் வேகம் இறங்கியதும் ஒவ்வொரு மூட்டும் வட்டியோடு திருப்பிக் கேட்டது. கழுத்திலிருந்து இடது கை வரைக்கும் மின்சாரம் போல இழுத்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், என் மகள் வயதிருக்கும். அன்றைக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். குனிந்து தேங்காய் துருவியதில் கழுத்துக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்றார். பட்டை ஒன்றை மாட்டி அனுப்பினார். அந்தப் பட்டையோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் முடியும் என்று காட்டப் போனேன். காட்ட வேண்டியது முடியாததை.

திருவிழாவுக்கு விரதம் இருப்பதென்றால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். நானும் ஒரு மண்டலம் எடுத்துக்கொண்டேன்.

கோயில் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. விடிந்தால் ரோஜாப்பூ, பிள்ளையார், "இனிய காலை வணக்கம்". முதல் நாள் ஐந்தரை மணிக்கு, அந்தப் பூக்களுக்கு நடுவில் என் வீடியோ போய் விழுந்தது. சாப்பாட்டு மேசை, சுவர்க் கடிகாரம், அதே மாதிரி ஒரு மாங்காய் ஊறுகாய்ப் போத்தல், என் இரண்டு கை. போனைப் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு நிமிடம். கை மூடியைப் பிடிக்கப் பார்க்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கப் பார்க்கும். மூடி அசையாது. பேச்சு எதுவும் கிடையாது. கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதினேன்: "இருக்கேன்."

மூடியை இறுக்கி வைப்பது என் கணவரின் வேலை. தினமும் சாயங்காலம் கோப்பி குடித்ததும் போத்தலை அவர் முன்னால் தள்ளுவேன். முதல் நாள், "எதுக்கு?" என்றார்.

"அன்னைக்குச் சிரிச்சீங்கல்ல, அதுக்கு."

போத்தலை வாங்கி மூடியைத் திருகினார். தினமும் இறுக்கினார். ஒரு வாரம் கழிந்ததும் காலையில் பேசினில் வெந்நீர் ஊற்றுவதையும் அவரே செய்ய ஆரம்பித்தார். நன்றி சொல்லவில்லை நான். சொல்ல மனசில்லை.

குழுவில் முதல் ஒன்பது நாள் சத்தமே இல்லை. என் வீடியோவுக்கு மேலும் கீழும் ரோஜாப்பூக்கள் வந்துகொண்டிருந்தன. பத்தாவது நாள் அண்ணி எழுதினார்: "குரூப்ல சாமி படம் மட்டும் போடுங்க." பெண்டாங்கில் இருக்கும் ஒருத்தி, வெங்காயம் உரித்தபடி அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருத்தி, பதில் போட்டாள்: "சாமியும் பாக்கட்டும் லா." மறுநாள் ஐந்தரைக்கு அவளும் ஒரு வீடியோ அனுப்பினாள். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள், இரண்டு முட்டியும் பானை மாதிரி. கீழே: "இருக்கேன்." இருபதாம் நாளைக்குள் ஐந்து பேர். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குத் தோள்பட்டை, ஒருத்தி பாதத்தைத் தரையில் வைக்கவே கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இவர்களெல்லாம் எங்கே ஒளிந்திருந்தார்கள்? பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன் மண்டோரே" என்று வாய் நிறையச் சொன்னவர்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அண்ணிமேல் வரவில்லை. அவர் ஒவ்வொரு வீடியோவையும் பார்க்கிறார் என்று நீலக் குறி காட்டியது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

முப்பத்தொன்பதாம் நாள் ஐந்தே காலுக்கு வாசலில் காடிச் சத்தம் கேட்டது. என் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கதவைத் திறந்தார். அண்ணி. முடியைக்கூடச் சரியாகக் கட்டாமல் வந்திருந்தார். தம்பியைத் தாண்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"எங்க அந்தப் போத்தல்? பச போட்டு ஒட்டி வெச்சிருக்கியான்னு பாக்கணும்."

என் கை பேசினில் இருந்தது. முழங்கையால் போத்தலை அவர் பக்கம் தள்ளினேன். அண்ணி எடுத்தார், புடவைத் தலைப்பால் மூடியைத் துடைத்தார், ஒரு திருகு. டக். ஊறுகாய் வாசனை மேசை முழுக்கப் பரவியது.

அவர் மூடியைப் பார்த்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், விளிம்பை விரலால் தடவினார். பசை இல்லை. பிறகு தண்ணீருக்குள் இருந்த என் விரல்களைப் பார்த்தார். வெளியே எடுத்துக் காட்டினேன். மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை.

"எத்தன மணி வரைக்கும்?" மூடியை மேசையில் வைத்தார் அண்ணி.

"ஒம்போது. சில நாள் பத்து."

"நாளைக்கும் இப்படியேவா?"

"நாளைக்கும்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதில் ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத பெண்மணி. உதடு கோணியது. எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும், இளகவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. என் கணவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த நோட்டுல எழுதினத அடிச்சிடுறேன் மா," என்றார் அண்ணி. "மூணு வருஷத்ததும் அடிச்சிடுறேன். இந்த வீடியோவ மட்டும் நிறுத்திடு. என்னால பாக்க முடியல."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபத்தெட்டு.

"மூடிய நல்லா இறுக்கி வெச்சிட்டுப் போங்க அண்ணி," என்றேன். "இன்னும் ஒம்பது நாள் பாக்கி இருக்கு."