சஹனுக்கு மடங்காத கால்

முழங்கால் உள்ள எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் நான் பிசியோதெரபிஸ்ட். சேர்ஜன்மார் வெட்டித் தைத்த காலை மடக்கப் பழக்குவதும், அதற்காக ஏச்சு வாங்குவதும் என் தொழில்.

இரண்டு தீர்ப்பு

எல்லோருக்கும் அண்ணன் முறையான அட்டாளைச்சேனை ஆதம்பாவா காக்கா வயல் சேற்றில் கால் திருகி, முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பைக் கிழித்துக்கொண்டு வந்தார். எங்கள் பெரிய டொக்டர், முழுதாக எடுத்துவிட்டால் பெருநாளைக்குள் பாயில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருக்கலாம் என்றார். மட்டக்களப்பிலிருந்து கிழமைக்கொரு தடவை வரும் சின்ன டொக்டருக்கு அது பொறுக்கவில்லை. எடுத்தால் பிற்காலத்தில் எலும்போடு எலும்பு உரசும். கிழிசல் விளிம்பில் இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும். ஆனால் மாதக்கணக்கில் காலை மடக்கக் கூடாது என்றார். தையல் விட்டால் இரண்டாம் தரம் யார் வெட்டுவது என்று பெரியவர் கேட்டார். இரண்டு பேரும் கெட்டிக்காரர். அதுதான் கரைச்சல்.

காக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது என்ட கால்தானே? இவங்க என்னத்துக்குச் சண்ட பிடிக்கிறாங்க?"

மகளின் கலியாணம்

பெருநாள் கழிந்ததும் அவர் மகளுக்குக் கலியாணம். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் இருந்து, சம்பந்தியோடு ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடாவிட்டால் அவருக்கு அது கலியாணமே இல்லை. பெண்ணின் வாப்பா தனியே கதிரையில் இருந்து சாப்பிட்டால் ஊர் என்ன கதைக்கும் என்று கண் கலங்கினார். எனக்கும் மனசு கேட்கவில்லை. 'எடுக்கச் சொல்லுங்கள்' என்று வாய்வரை வந்தது.

அன்று பின்னேரம் நிலத்தில் நெற்றி வைத்துச் சுஜூது செய்ய முடியாமல், கட்டில் விளிம்பில் இருந்தபடியே அஸர் தொழுதார். முடித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார். "தைக்கச் சொல்லுங்க தம்பி. கலியாணம் ஒரு நாளைக்கு. சுஜூது மௌத்தாகிக் கண் மூடுற வரைக்கும்."

கலியாண வீடு

கிழிசல் விளிம்பில்தான் இருந்தது. சின்னவர் தைத்தார், பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் நின்று உதவினார்.

கலியாணத்துக்கு எங்கள் மூவருக்கும் அழைப்பு. கட்டுப்போட்ட காலை நீட்டியபடி காக்கா கதிரையில் இருந்தார். பாயில் சஹன்கள் வந்ததும் வேறு பக்கம் பார்த்தார். பாயைக் கண்ட டொக்டர்மார் இருவரும் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயங்கி நின்றார்கள். அப்போது மாப்பிள்ளையின் வாப்பா எழும்பி, தன் சஹனைத் தூக்கிக் காக்காவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"மச்சான்ட கால் மடங்காட்டி என்ன, சஹன் எழும்பும்தானே!"

அந்த மேசைக்கு முதலில் ஓடிவந்து இடம் பிடித்தவர்கள் இரண்டு டொக்டர்மாரும்தான். முழங்கால் விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.