எங்கே நின்று பார்த்தீர்கள்?

கொழும்பில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், புதியவர்கள் எல்லோரையும் நூலகத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நிறுத்தினார்கள். நூலகர் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். புத்தகம் இரவல் வாங்கும் விதிகளைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், தான் சொல்வதை எங்கே நின்று பார்த்தார், பார்க்கவில்லை என்றால் யாரிடம் கேட்டார் என்று எங்களிடம் கேட்டார். அது தெரியும்வரை அச்சில் இருப்பதும் யாரோ ஒருவருடைய பேச்சுத்தான் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துவிட்டது. நான் வீட்டில் வாய்க்காரி என்று பேர் வாங்கியவள். எதிர்த்துக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, அதை மேசையைச் சுற்றி நிற்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் சந்தோஷம் இராதா?

சரித்திர விரிவுரையாளர் வேறு ரகம். சரித்திரத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புகிறவர்கள் முதல் வருஷ முடிவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். சொந்த ஊரில் தங்கள் காலத்தில் நடந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தின் அடியில் ஆதாரம் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால்தான் இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். அதற்காகத்தான் வீட்டில் அத்தனை சண்டை பிடித்துக் கொழும்புக்கு வந்திருந்தேன்.

யப்பான் விமானங்கள் வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையைப் பற்றி எழுதினேன். சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் முந்தி நடந்தது. அம்மாவின் தங்கை கணவர், என் சித்தப்பா, துறைமுக வேலைத்தளத்தில் பெயின்ற் அடிக்கிறவர். அன்று காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதை ஒரு வசனத்தில் எழுதி, அடிக்குறிப்பில் 'என் சின்னம்மா சொன்னது' என்று போட்டேன்.

விரிவுரையாளர் அந்த அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.

"சின்னம்மா ஆதாரம் ஆகமாட்டார். பத்திரிகையைப் பாருங்கள். ஊர்மக்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை என்று இருக்கிறது. ஒன்று, அதைப் போடுங்கள், இல்லையென்றால் அந்த வசனத்தையும் அடிக்குறிப்பையும் எடுத்துவிடுங்கள்" என்றார். விடுமுறை முடிந்து திருத்திய கட்டுரையைக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். ஒரு மனிதர் செத்ததை எடுத்துவிடு என்று காற்புள்ளியை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கேட்டேன். யுத்தத்தால் கடதாசிக்குப் பஞ்சம், பத்திரிகைகள் மெலிந்து கிடந்தன. ஆங்கிலத்தில் இரண்டு, தமிழில் ஒன்று என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வாசித்தேன். மூன்றிலும் ஊர்மக்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. விரிவுரையாளர் சொன்னது சரிதான் என்று மனம் விழுந்துபோயிற்று. பிறகு மறுபடி வாசித்தேன். முதல் வசனம் மூன்றிலும் ஒன்று. இரண்டாவதும் ஒன்று. எந்த நிருபரும் திருகோணமலையில் நிற்கவில்லை. அரசாங்கம் கொழும்பில் கொடுத்த ஓர் அறிவித்தலை இரண்டு பேர் அப்படியே போட்டிருக்கிறார்கள், மூன்றாமவர் மொழிபெயர்த்திருக்கிறார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. நூலகர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மூன்று பத்திரிகையும் ஒரே வாய் என்று அவரிடம் சொன்னேன். அப்படியென்றால் வேறு வாய்களைத் தேடுங்கள் என்றார்.

விடுமுறைக்கு ரயிலேறி ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தால் ஊரில் வாய்க்குப் பஞ்சமே இல்லை. சந்தையில், கோயிலடியில், உப்புவெளி பஸ்ஸில், கேட்ட எல்லோரும் கண்ணால் கண்டவர்கள். எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் கதை மாறும். கொழும்பில் முதலில் குண்டு விழுந்த உடனே பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டது. நாங்களும் ஓடினோம், வடக்கே தூரத்தில் இருக்கும் திரியாய்க் கிராமத்துக்கு. ஆனாலும் என் அம்மா கடலை மூடின புகையை விவரமாகச் சொன்னா.

"அம்மா, அண்டைக்கு நாங்கள் திரியாயிலையெல்லோ நிண்டனாங்கள்."

"நிண்டா என்ன? எனக்குத் தெரியாதோ?"

அம்மாவையும் சாட்சிகளிலிருந்து தள்ளிவைத்தேன். இரண்டு நாள் என்னோடு அவ முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்திரிகைக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயம் என்று வைக்க எனக்கு ஏலாது.

அப்படியென்றால் சின்னம்மாவிடமும் கேட்கத்தானே வேண்டும். வேலைத்தளத்தை விட்டு விலகினால் தண்டனை என்று சித்தப்பா ஊரில் நின்றவர். அவருக்குச் சமைத்துப் போட என்று சின்னம்மாவும் நின்றவ. நான் போனபோது குசினியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தா. கட்டுரைக்காக என்று சொல்லிக் கேட்டேன்.

"அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள், சின்னம்மா?"

கையிலிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டா. "ஏன், நான் பொய் சொல்லுறன் எண்டோ?"

"இல்லை. பேப்பர்க்காரரையும் இதைத்தான் கேட்டுப் பாத்தனான். அவையிட்ட மறுமொழி இல்லை."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தா.

"இஞ்சதான் நிண்டனான், குசினிக்குள்ள. அவர் ரொட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கனநேரமில்லை. வீடு குலுங்கிச்சுது. மேசைக்குக் கீழ படுத்திட்டன். பிறகு வேலைத்தள வாசல் வரைக்கும் ஓடினனான். உள்ள விடேல்லை. அவர் செத்ததை நான் காணேல்லை, பிள்ளை. கண்டனான் எண்டு எழுதிப்போடாத. அடுத்த நாள் வாசலில ஒரு துரை வந்து நிண்டு செத்த ஆக்களின்ர பேரை வாசிச்சவர். அவரின்ர பேரையும் வாசிச்சவர். அதை என்ர காதால கேட்டனான். நான் மட்டுமில்லை, இன்னும் பெண்டுகள் நிண்டவை. போய்க் கேள்."

போய்க் கேட்டேன். இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன், இரண்டு பேரும் வாசலில் புருஷன்மாரின் பேரைக் கேட்டவர்கள். ஒருத்தி துரையின் குரல் நடுங்கியது என்றா. மற்றவ குரல் ஞாபகமில்லை, தகரக் கூரை முழுக்கக் கரி படிந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றா. சொற்கள் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. விஷயம் மட்டும் ஒத்துப்போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை என்று கொழும்பில் அறிவித்த அதே அரசாங்கத்தின் ஆள்தான் வாசலில் நின்று பேர் வாசித்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விரிவுரையாளர் எடுக்கச் சொன்ன வசனத்தை மேலிருந்து எடுத்துவிட்டு, அடிக்குறிப்பைப் புதிதாக எழுதினேன். மூன்று பெண்களும் எங்கே நின்றார்கள், எதைக் கேட்டார்கள், எதைக் காணவில்லை என்று எல்லாம் எழுதினேன். மூன்று பத்திரிகைகளையும் சேர்த்து ஒரே அறிவித்தல் என்று ஒரு வரியில் அடக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. சின்னம்மாவிடம் கொண்டுபோய், ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டா. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தைக் காட்டினேன்.

"அவரைக் கொண்டுபோய்க் கால்மாட்டிலயோ போட்டனி?" என்றா. "மேல எழுது."

"மேல எழுதினா சரித்திரம் படிக்க அந்தாள் இடம் தராது, சின்னம்மா."

அவ மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. நான் அந்தக் கதிரையிலேயே இருந்து முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கட்டுரை சித்தப்பாவின் முழுப் பேரோடு தொடங்கியது. அன்று காலை அவர் ரொட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதும், மறுநாள் வாசலில் அவர் பேர் வாசிக்கப்பட்டதும் முதல் வசனம். துறைமுகமும் விமானங்களும் அதற்குப் பிறகுதான் வந்தன.

விரிவுரையாளர் வாங்கி முதல் வரியைப் பார்த்தார். "அடிக்குறிப்பிலிருந்து இதை எடுக்கச் சொன்னேனே" என்றார்.

"எடுத்துவிட்டேன், சேர். இப்போது அவர் அங்கே இல்லை" என்றேன்.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. பொதுப் பட்டம்தான் படித்தேன். ஒரு கிழமை விடுதியில் படுக்கையில் குப்புறக் கிடந்து அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த வசனத்தை மாற்றித் தருகிறேன் என்று கேட்டுப் போகவில்லை.

அடுத்த விடுமுறைக்குக் கட்டுரையையும் கொண்டுபோனேன். முதல் வசனத்தைச் சிவப்பு மையால் குறுக்கே கீறி வெட்டியிருந்தார். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சித்தப்பாவின் வேலைத்தளப் பாஸ் இன்னும் அவவின் அலுமாரிக்குள் இருந்தது. அதில் பார்த்துப் பழகியதால் அந்த ஒரு பேரை மட்டும் ஆங்கிலத்தில் அடையாளம் தெரியும். கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, சிவப்புக் கோட்டின் மேலே விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போனா.

"வெட்டினாலும் வாசிக்கலாம்" என்றா.